அதிதூதருக்கு ஒரு தாம்பாளம் கோதுமை

ட்ரெபின்யே,
1984 அக்டோபர் 20

திரு. ஒப்ரென் அவர்களுக்கு,

எனக்குச் சொந்தமான செம்புத் தாம்பாளம் ஒன்று ஸ்தேனா கிராமத்தில் உள்ள உங்கள் வீட்டில் பதினோரு மாதமாக இருக்கிறது. விளிம்பில் ஒரு நசுங்கல் இருக்கும், அதை வைத்து அடையாளம் காணலாம். உடனே அனுப்பிவைக்கவும்.

இந்தக் கடிதத்துக்கு வேறு நோக்கம் எதுவும் கிடையாது. நான் நலம் விசாரிக்கவில்லை என்பதைக் கவனிக்கவும். உங்கள் இருமல் எப்படி இருக்கிறது என்றும் கேட்கவில்லை.

இப்படிக்கு,
மிலுஷா
(உங்களுக்கு ஒரு அக்கா இருந்தது நினைவிருந்தால்)


ஸ்தேனா,
அக்டோபர் 26

அன்புள்ள அக்கா,

ஐம்பத்தைந்து வயதில் முதல் தடவையாக என் பெயருக்கு முன்னால் 'திரு' வந்திருக்கிறது. வரி அலுவலகம்கூட அந்த மரியாதையைத் தந்ததில்லை. இருமல் தேவலை.

தாம்பாளத்தைத் தபால்காரன் கிளிகோரிடம் கொடுத்துப் பார்த்தேன். வண்டிக் கதவில் வைத்து அளந்தான், தலையை ஆட்டினான்.

"மடக்கிக் குடுங்க, எடுத்துட்டுப் போறேன்."

"செம்புத் தாம்பாளத்த எப்படிய்யா மடக்கறது?"

"அப்ப இது தபால் இல்ல. சாமான். சாமான் ஏத்தினா என் வேலை போயிடும்."

ஆகவே தாம்பாளம் இங்கேயே சுவரில் தொங்குகிறது. யாருக்கு வேண்டுமோ அவர் வந்து எடுத்துப்போவதை நான் தடுக்கவில்லை.

உனக்குச் சம்பந்தமில்லாத இன்னொரு தகவல். போன வாரம் என் ஆடு ஒன்று காணாமல் போய்விட்டது. அதைத் தேடிப் பழைய ரயில் பாதையில் நடந்தேன். தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு போய் எட்டு வருடம் ஆகிறது, ஆனால் ஜல்லி அப்படியே இருக்கிறது, நடக்கலாம். இரும்புப் பாலத்தில் பலகை புதிதாகப் போட்டிருக்கிறார்கள். இடதுபக்கமாக நடந்தால் ஆடாது. முதல் இரண்டு சுரங்கமும் நன்றாக இருக்கின்றன. நான்காவதில் விழுந்துகிடந்த பாறைகளை யாரோ ஒதுக்கிவைத்திருக்கிறார்கள். மூன்றாம் எண் சுரங்கம் வழக்கம்போல இருட்டு. கருவாலி மரமெல்லாம் இலை உதிர்த்து, பள்ளத்தாக்கு முழுக்கத் தெரிகிறது. ட்ரெபின்யேயிலிருந்து நடப்பவர்களுக்கு மொத்தம் பத்தொன்பது கிலோமீட்டர். ஆட்டுக்காக அளந்தேன்.

உன் தம்பி,
ஒப்ரென்


ட்ரெபின்யே,
நவம்பர் 1

ஒப்ரென்,

ஆடு தேடப் போனவன் பாலத்துப் பலகையை எண்ணுவானா? பாறையை ஒதுக்கிய அந்த 'யாரோ' யார் என்று எனக்குத் தெரியாதா? உனக்கு முதுகுவலி என்று மருந்துக்கடைக்காரர் சொன்னார். சாட்சி இருக்கிறது.

நேராகக் கேட்கிறேன். இருபத்தொன்றாம் தேதி அதிதூதர் மிக்கேல் நாள், நம் குலப் பண்டிகை. அதற்கு என்னைக் கூப்பிடுகிறாயா, இல்லையா?

நீ மறந்திருந்தால் நான் மறக்கவில்லை. போன வருடம் அதே நாளில், பதினேழு பேர் உட்கார்ந்திருந்த மேசையில், நான் ராத்தூக்கம் கெட்டு வேகவைத்து, வாதுமையும் சர்க்கரையும் போட்டுத் தாம்பாளத்தில் குவித்துக் கொண்டுவந்த கோதுமையை வைத்தேன். பாதிரியார் வசிலியே கரண்டியை வாய்க்குப் பாதி வழியில் கொண்டுபோயிருந்தார். அப்போது நீ எழுந்து என்ன சொன்னாய்?

"கோதுமை செத்தவங்களுக்குத்தான். அதிதூதர் என்னைக்குச் செத்தாரு? நம்ம வீட்டுல இந்த வழக்கம் கிடையாது. உன் மாமியார் வீட்டுக் கூத்தயெல்லாம் இங்க கொண்டாராத. பிடிக்கலைன்னா வாசக்கதவு அகலமாத்தான் இருக்கு."

பாதிரியார் கரண்டியைக் கீழே வைத்தார். நான் அந்தக் கதவின் அகலத்தை அப்போதே சோதித்துப் பார்த்துவிட்டேன். தாராளமான அகலம்.

முப்பது வருடம் என் கணவர் த்ரிபுனின் வீட்டில் குப்பை கொட்டியவள் நான். அவர்கள் பண்டிகை புனித நிக்கோலாஸ். அவர் செத்தவர், அதனால் கோதுமை உண்டு. கை பழகிவிட்டது, என்ன செய்ய? அதைத் தனியாகக் கூப்பிட்டு என் காதில் சொல்லியிருக்கலாமே. ஊர் முன்னால் சொன்னாய். அதுதான் வலித்தது. இன்றைக்கும் வலிக்கிறது.

சுரங்கம் பற்றி எனக்கு எழுதாதே. ஸ்டேஷன் பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது மூன்றாம் எண் சுரங்கத்துக்குள் என் கையைப் பிடித்துக்கொண்டு வெடவெடவென்று நடுங்கியவன் நீ. உன் வாயால், அல்லது உன் பேனாவால், ஒரே ஒரு சொல் எழுது. 'வா' என்று. அவ்வளவுதான் நான் கேட்பது.

மிலுஷா


ஸ்தேனா,
நவம்பர் 6

அக்கா,

நீ கேட்பதை மட்டும் என்னால் எழுத முடியாது. கோபிக்காமல் கேள்.

குலப் பண்டிகைக்கு யாரையாவது அழைத்து நீ பார்த்திருக்கிறாயா? விளக்கு எரியும், கதவு திறந்திருக்கும், வருகிறவர் வருவார். கல்யாணத்துக்கு அழைக்கலாம், வீடு கட்ட ஆள் அழைக்கலாம். பண்டிகைக்கு அழைத்தால் வந்தவரை வெளியாள் ஆக்கினதாக அர்த்தம். அப்பா தன் உயிர்ச் சிநேகிதனைக்கூட அழைத்ததில்லை. அந்த ஆள் நாற்பது வருடம் அழைக்காமலே வந்து நம் பன்றித்தொடையில் கால்வாசியைத் தின்றுவிட்டுப் போனார். நீயோ இந்த வீட்டில் பிறந்தவள். உன் வீட்டுக்கு உன்னை நான் எப்படி அழைப்பது? அழைத்தேன் என்று கிராமத்துக்குத் தெரிந்தால், சொந்த அக்காவுக்கே கடிதம் போட்டுக் கூப்பிட வேண்டிய நிலைமை என்று சிரிப்பார்கள்.

இந்த வீட்டில் பிறந்தவர்களில் நாம் இரண்டு பேர்தான் மிச்சம். இதை நான் எழுதியிருக்க வேண்டாம். எழுதிவிட்டேன், மையை அழிக்க முடியவில்லை.

பொதுவான செய்திகள்: பஸ் செவ்வாய்க்கிழமை மட்டும்தான் வருகிறது. இருபத்தொன்று புதன். ஆகவே அன்று ஏதாவது காரியமாக இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு ரயில் பாதைதான் வழி. காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் ஒன்பது மணிக்கு மூன்றாம் எண் சுரங்கம். அங்கே கொஞ்சம் நின்று மூச்சு வாங்கிக்கொள்வது நல்லது. அவசரப்பட்டு உள்ளே போக வேண்டியதில்லை.

ஆடு இன்னும் கிடைக்கவில்லை.

ஒப்ரென்


ட்ரெபின்யே,
நவம்பர் 12

ஒப்ரென்,

உன் பொதுவான செய்திகளுக்கு நன்றி. வானொலி நிலையத்தில் உனக்கு வேலை கிடைக்கலாம்.

நீ சொல்லும் வழக்கமெல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் கதவைக் காட்டிய பிறகு கதவு திறந்துதான் இருக்கிறது என்று சொன்னால் போதுமா? காட்டிய கை திரும்ப வந்து கூப்பிட வேண்டாமா? செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் வந்தால் ஊரே பார்க்கும். "பாரு, வெக்கமில்லாம வந்துட்டா" என்பார்கள். அதோடு அந்த வளைவுகளில் எனக்கு வாந்தி வரும்.

இருபத்தொன்றாம் தேதி எனக்குப் பல் மருத்துவரிடம் நாள் குறித்திருக்கிறது. கடைவாய்ப் பல். ஒத்திவைக்க முடியாது. மேலும் நடக்க என்னிடம் சரியான காலணி இல்லை.

மலையிலிருந்து 'பூரா' என்கிற குளிர்காற்று வீச ஆரம்பித்துவிட்டது. நெஞ்சை மூடிக்கொண்டு நட. ஆடு தேடும்போது.

மிலுஷா


ஸ்தேனா,
நவம்பர் 17

அக்கா,

பல்லைப் பிடுங்கிக்கொள். நன்றாக ஆழமாகப் பிடுங்கச் சொல்.

ஒப்ரென்


ட்ரெபின்யே, உன் சமையலறை,
நவம்பர் 21, மாலை

அக்கா,

மேலே இருப்பது எழுத்துப்பிழை இல்லை. நான் உன் வீட்டில், உன் மேசையில், உன் கம்பளிச் செருப்பைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். உன் பக்கத்து வீட்டுக் கோஸ்பவா மூன்று கிண்ணம் பீன்ஸ் கஞ்சி ஊற்றிவிட்டாள். நான்காவதுக்கும் அடுப்பு மூட்டுகிறாள்.

நடந்ததைச் சொல்கிறேன். விடியும்போதே மாடத்தில் மெழுகுவத்தியை நட்டுவைத்தேன், ரொட்டியைத் துணி போட்டு மூடினேன், கதவைத் திறந்துவைத்தேன். பாதிரியார் பதினொன்றுக்குத்தான் வருவார். அதற்குள் சுரங்கம் வரை போய்த் திரும்பிவிடலாம் என்று கணக்கு. ஆடு தேட என்று பக்கத்து வீட்டு யாக்ஷாவிடம் சொன்னேன். பண்டிகைச் சட்டை, பண்டிகைக் காலணியோடு ஆடு தேடுகிறவனை அவன் ஒரு மாதிரி பார்த்தான்.

நீ வருவாய் என்று எனக்குத் தெரியும். எட்டரைக்கு என் பக்க வாயிலில் நுழைந்தேன். லாந்தர் பாதி வழியில் அணைந்துவிட்டது. ஒருவேளை நீ எதிரே வந்துகொண்டிருந்தால் இருட்டில் என்னைப் பேய் என்று நினைத்துவிடக் கூடாதே என்று சத்தமாகப் பாடிக்கொண்டே நடந்தேன். எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு பாட்டு, ராணுவத்தில் சமையல்காரன் சொல்லிக்கொடுத்தது. அதைத் திரும்பத் திரும்பப் பாடினேன். உன் பக்க வாயிலுக்கு வந்து உட்கார்ந்தேன். ஒன்பது. ஒன்பதரை. பத்து.

ஒருவரும் வரவில்லை. திரும்பியிருக்க வேண்டும். விருந்தாளிகள் வந்து நிற்பார்கள், வீட்டுக்காரன் இல்லாத பண்டிகையை யாராவது கேள்விப்பட்டதுண்டா? ஆனால் பாலத்துப் பலகை நினைவு வந்தது. இடதுபக்கம் என்று எழுதினேனே, நீ எதிலிருந்து பார்த்து இடதுபக்கம் என்று எடுத்துக்கொண்டாயோ. அடுத்த வளைவு வரை போய்ப் பார்க்கலாம் என்று நடந்தேன். பிறகு அதற்கடுத்த வளைவு. அக்கா, அந்தப் பாதையில் வளைவுகளுக்குப் பஞ்சமே இல்லை. பாலத்துக்குக் கீழேயும் எட்டிப் பார்த்தேன். கடைசி வளைவைத் தாண்டினால் உன் தெரு.

கோஸ்பவாதான் கதவைத் திறந்தாள்.

"அய்யய்யோ, நீங்க இங்க என்ன பண்றீங்க? அவங்க காலைல ஆறு மணிக்கே கிளம்பிட்டாங்களே! புதுக் காலணி, கை நிறைய ஆப்பிள் பணியாரம். கேட்டா பல் டாக்டர் கிட்டப் போறேங்கறாங்க. பல் டாக்டருக்கு யாருங்க பணியாரம் கொண்டு போவா?"

பாலத்துக்குக் கீழே நீ இல்லை, வழியிலும் இல்லை. அப்படியானால் வீட்டுக்குத்தான் போயிருக்கிறாய். எப்படிப் போனாய், பறந்தா? பண்டிகைக் காலணி என் இரண்டு குதிகாலையும் உரித்துவிட்டது, ஓரடி வைக்க முடியவில்லை. காலையில் கிளிகோர் இந்தக் கடிதத்தைக் கொண்டுவருவான். நீ உயிரோடு இருக்கிறாய் என்று ஒரு வரி எழுது. என் வீட்டில் யாரும் வந்தார்களா, யாரும் விளக்கேற்றினார்களா என்றும் எழுது. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. (மூன்று கிண்ணம் கோஸ்பவாவின் மனம் நோகக் கூடாது என்பதற்காக.)

ஒப்ரென்


ஸ்தேனா, உன் சமையலறை,
நவம்பர் 22

டேய் தம்பி,

உயிரோடுதான் இருக்கிறேன். உன் கடிதத்தைப் படித்து முதலில் அழுதேன், பிறகு சிரித்தேன், இப்போது கோபமாக இருக்கிறேன். அந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

நேற்று மாலை முழுக்க நீ செத்துவிட்டாய் என்று நினைத்தேன். யாக்ஷாவைச் சுரங்கம் வரை அனுப்பினேன். அவன் வாயிலில் நின்று உன் பெயரைக் கத்திவிட்டு, "உள்ள யாருமில்லீங்க, வௌவால்தான்" என்று வந்து சொன்னான். பயந்துபோனேன், ஒப்ரென். அந்தக் கோதுமைச் சண்டையோடு நம் பேச்சு முடிந்துவிட்டதோ என்று பயந்தேன்.

இப்போது சிரிப்பு. நான் ஒன்பதுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது சுரங்கத்தின் முன்னால் நின்றேன். ஒன்றை ஒப்புக்கொள்கிறேன், யாரிடமும் சொல்லாதே: உள்ளே போக எனக்குத் தைரியம் வரவில்லை. அதனால் மேய்ச்சல் பாதை வழியாக மலை மேலே ஏறினேன். உச்சியில் பழைய புகைக்கூண்டு இருக்கிறதே, ரயில் புகை போக வைத்த துளை, அதன் பக்கத்தில் மூச்சு வாங்க உட்கார்ந்தேன். அப்போது பூமிக்குள்ளிருந்து ஒரு குரல். அடித்தொண்டையில், கெட்ட கெட்ட வார்த்தையாக, ஒரு ராணுவப் பாட்டு! மூன்று முறை சிலுவை போட்டுக்கொண்டு, பணியாரத்தைத் தலையில் கவிழ்த்துக்கொள்ளாத குறையாக, மலையிறக்கத்தில் ஓடினேன். ஐம்பத்தெட்டு வயதில் அப்படி ஓடினேன். பேய் என்று நான் நினைக்கக் கூடாது என்றுதான் நீ பாடினாயாமே.

வீட்டுக்கு வந்தால் கதவு திறந்திருக்கிறது. விளக்கு ஏற்றவில்லை. வீட்டுக்காரனைக் காணோம். பதினொன்றுக்குப் பாதிரியார் வந்து தாடியைத் தடவினார்.

"வீட்டுத் தலைவர் எங்கம்மா?"

"நான்தான் சாமி."

"நீ கட்டிக்குடுத்துப் போன பொண்ணு இல்ல?"

"ஆடு தேடப் போனவன் வர்ற வரைக்கும் நான்தான். நீங்க ஜெபத்த ஆரம்பிங்க, ரொட்டி காயுது."

அவர் ஆரம்பித்தார். நானே விளக்கேற்றினேன், ரொட்டியைச் சடங்குப்படி அவரோடு சேர்ந்து கையில் சுழற்றி, சிவப்புத் திராட்சை ரசம் ஊற்றி வெட்டினேன். வீட்டுக்காரர் அன்றைக்கு உட்காரக் கூடாதே, நாள் முழுக்க நின்றுகொண்டே பரிமாறினேன். இருபத்திரண்டு பேர்! போன வருடத்தைவிட ஐந்து பேர் அதிகம். சண்டையின் அடுத்த பாகம் பார்க்க வந்திருப்பார்கள். கிளிகோர் கம்யூனிஸ்ட் கட்சிக்காரன், சாமி பண்டிகையில் தலை காட்டக் கூடாது என்பதால் கொல்லைப்புறமாக வந்து, வாசல்வழியாக வந்தவர்களைவிட இரண்டு மடங்கு தின்றான். எல்லோரும் உன்னைக் கேட்டார்கள். "ஆடு" என்றேன். யாக்ஷா தொழுவத்துக்குப் போய் எண்ணிவிட்டு வந்தான். "ஆறும் இருக்குதே?" என்றான். "ஏழாவது" என்றேன்.

இனிக் கோபம். பரிமாறத் தட்டு தேடி உள்ளறையில் எதையோ மூடியிருந்த துணியை விலக்கினேன். அங்கே என் தாம்பாளம். அதில் வேகவைத்த கோதுமை. ஒப்ரென், அதற்குக் கோதுமை என்று பெயரா? தண்ணீரை வடிக்கவே இல்லை. வாதுமையை ஓட்டோடு இடித்திருக்கிறாய். சர்க்கரை மேலே ஒரு பக்கம் மட்டும். நம் வீட்டில் கிடையாது என்றாய், அதிதூதர் சாகவில்லை என்றாய், பிறகு யாருக்காக இரவெல்லாம் அடுப்பில் நின்று இந்தக் கஞ்சியைக் காய்ச்சினாய்?

எனக்குத் தெரியும் யாருக்காக. அங்கேயே, அந்தத் தாம்பாளத்துக்கு முன்னால், தலைக்குட்டை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பிறகு அதைக் கொண்டுபோய் மேசை நடுவில் வைத்தேன்.

பாதிரியார் கரண்டியை எடுத்தார். "யாரும்மா இது பண்ணது?"

"நான்தான்" என்றேன். உன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அந்தக் கேவலமான கோதுமையை நான் செய்ததாகக் கிராமமே நம்புகிறது. இதைவிடப் பெரிய தியாகத்தை உனக்காக யாரும் செய்யப்போவதில்லை.

பாதிரியார் முதல் கரண்டியிலேயே ஓட்டைக் கடித்தார். கடைவாய்ப் பல். இன்று கிளிகோரிடம் பல் மருத்துவர் விலாசம் கேட்டு அனுப்பியிருக்கிறார்.

ஆடுகளை நான் பார்த்துக்கொள்கிறேன். பண்டிகை மூன்று நாள் அல்லவா, நாளைக்கும் விருந்தாளிகள் வருவார்கள். குதிகாலுக்கு என் அலமாரியில் வெண்ணெய்க் களிம்பு இருக்கிறது, மேல்தட்டு.

உன் அக்கா,
மிலுஷா


ட்ரெபின்யே,
நவம்பர் 23

அக்கா,

களிம்பு போட்டேன். நேற்று கிளிகோர் வண்டியில் என்னையும் ஏற்றிக்கொள்ளச் சொன்னேன். "உங்க மேல தபால்தலை இல்ல" என்கிறான். நம் பன்றித்தொடையில் இரண்டு மடங்கு தின்றவன்!

நீ சொன்ன ஒன்று மட்டும் தப்பு. சுரங்கத்தில் நடுங்கியது யார் கை என்று நாற்பத்தெட்டு வருடமாக எனக்குத் தெரியும். தம்பிதான் பயப்படுகிறான் என்று அம்மாவிடம் சொன்னாய், சரி என்று விட்டுவிட்டேன். ஏழு வயதில் உன் கை நடுங்காமல் இருக்க நான்தான் அதை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன். முந்தாநாள் நான் பண்டிகையை விட்டுவிட்டு அங்கே வந்து நின்றதும் அதற்காகத்தான். அழைக்க முடியாது, ஆனால் இருட்டில் தனியாக விடவும் முடியாது.

போன வருடம் ஊர் முன்னால் உன்னை அவமானப்படுத்தினேன். தப்பு. அதிதூதர் செத்தாரா இல்லையா என்பது அவர் பிரச்சினை. நீ உயிரோடு இருக்கிறாய், நான் உன்னைப் பார்த்துப் பேசியிருக்க வேண்டும். கோதுமை வேகவைப்பது அத்தனை வேலை என்று எனக்கு அப்போது தெரியாது.

ஞாயிற்றுக்கிழமைக்குள் கால் சரியாகிவிடும். த்ரிபுனின் பழைய காலணி எனக்குப் பொருந்துகிறது. காலை ஆறு மணிக்கு இங்கிருந்து கிளம்பி ஒன்பதுக்கு இந்தப் பக்க வாயிலில் இருப்பேன். நீ என் பக்க வாயிலில் நில். உள்ளே வராதே, மேலேயும் ஏறாதே. நான் வந்து கையைப் பிடித்துக்கொள்கிறேன்.

குலப் பண்டிகைக்கு யாரையும் அழைப்பதில்லை, அது அப்படியேதான் இருக்கட்டும். ஆனால் சுரங்கத்துக்கு ஒருவரை அழைக்கக் கூடாது என்று நம் பக்கம் எந்த வழக்கமும் கிடையாது. நேற்று முழுக்க யோசித்துப் பார்த்துவிட்டேன். ஆகவே எழுதுகிறேன்:

அக்கா, வா.

ஒப்ரென்


ஸ்தேனா,
நவம்பர் 24

தம்பி,

கிளிகோர் வாசலில் வண்டி எஞ்சினை அணைக்காமல் உறுமவிட்டுக்கொண்டு நிற்கிறான், மதியத்துக்குள் உன் கையில் கொடுப்பான். அதனால் சுருக்கமாக.

நீ எழுதிய அந்தக் கடைசி வரியை நான்கு தடவை படித்தேன். யாக்ஷாவிடம் காட்டவில்லை. காட்டலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தது உண்மை.

வருகிறேன். ஆனால் வாயிலில் நிற்க மாட்டேன். தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு, அதைக் கரண்டியால் அடித்துக்கொண்டு, நானே உள்ளே நடந்து வருகிறேன். நீ அந்தச் சத்தத்தைக் கேட்டு வா. உன் பாட்டை மட்டும் தயவுசெய்து பாடாதே.

சந்தித்த பிறகு எந்தப் பக்கமாக வெளியே வருவது, உன் வீட்டுக்கா என் வீட்டுக்கா என்பதை உள்ளேயே பேசி முடிவு செய்துகொள்ளலாம். அந்த இருட்டில் யார் விட்டுக்கொடுத்தது என்று ஒருவருக்கும் தெரியப்போவதில்லை.

உன் அக்கா,
மிலுஷா